உருளைக்குள் போகாத தோட்டா

வெர்லின் டாகெட்டிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் எங்கள் மோன்டானா பக்கத்தில் குறைவு. மற்றபடி ஆள் சாது. வேட்டைக்கு வருகிறவர்களின் கூடாரம், அடுப்பு, மாவு மூட்டை, விஸ்கி என்று எல்லாவற்றையும் கோவேறு கழுதைகளின் முதுகில் கட்டி மலைக்குள் கொண்டுபோய் இறக்குவதும், பனி விழுமுன் திரும்பக் கொண்டுவருவதும்தான் அவன் பிழைப்பு. கொரியாச் சண்டையிலிருந்து வந்த கையோடு தொடங்கினான். தலை நரைக்கும்வரை வேறு வேலை தேடவில்லை. தடத்தில் போகும்போது நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் இடுப்பு ரிவால்வருக்கு எந்தத் தோட்டா நல்லது என்று எவனாவது ஆரம்பித்துவிட்டால் தொலைந்தான். ஊர்க் காபிக்கடையில் காபி ஆறிப்போய், கடைக்காரி நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்கிற வரைக்கும் வெர்லின் எழுந்திருக்க மாட்டான்.

அவனோடு மல்லுக்கு நிற்பவன் லாடம் அடிக்கிற க்ளீட் அமண்ட்சன்.

“நாற்பத்துநாலு ரகம்தான்யா தோட்டா. பட்டா கரடி உக்காந்துடும்” என்பான் க்ளீட்.

“காட்டுக்கோழி மேல பட்டா? இறகைப் பொறுக்கிட்டு வந்து வறுப்பியா?”

“கோழிக்கு எதுக்குய்யா துப்பாக்கி? கல்லை விட்டு எறி.”

“உன் குறிக்கு அந்தக் கோழி கிழடு தட்டித்தான் சாகும்.”

பிறகு வெர்லின் தன் பாடத்தை ஆரம்பிப்பான். அவனுடையது மேக்னம் ரிவால்வர். அதன் விசேஷம், அது இரண்டு தோட்டாக்களுக்கு வாயைத் திறக்கும். மேக்னம் தோட்டாவும் முப்பத்தெட்டு என்கிற சின்னத் தோட்டாவும் ஒரே பருமன்; மேக்னம் மட்டும் கொஞ்சம் நீளம். முப்பத்தெட்டைப் போட்டால் சத்தம் குறைவு, உதை குறைவு, கோழியின் தலை மட்டும் போகும், கறி கெடாது. மேக்னத்தைப் போட்டால் எலும்பை உடைத்துக்கொண்டு போகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எதற்கு ஆளுக்கொரு ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளையிலெல்லாம் இடித்துக்கொண்டு போக வேண்டும்? இது ஒன்று இருந்தால் சமையலிலிருந்து சாவு வரைக்கும் ஆகும். இப்படிச் சொல்லிவிட்டு வெற்றிப் புன்னகையோடு சாய்ந்துகொள்வான். அவன் மனைவி நோரீன் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டிருப்பாள்.

“ரெண்டு பேரும் கரடி கரடின்னு அடிச்சுக்கறீங்க. இத்தனை வருஷத்துல இவர் கரடியைச் சுட்டதை யாராவது பாத்தீங்களா? சுட்டதெல்லாம் கோழியும் குதிரையும்தான்” என்பாள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள். மேசையில் சத்தம் அடங்கிவிடும்.

ஏனென்றால் அதுதான் உண்மை. மலைக்குள் குதிரையேறிப் போகிறவன் இடுப்பில் துப்பாக்கி கட்டுவது கரடிக்காக என்று வெளியூர்க்காரன் நினைத்துக்கொள்வான். அது தன் குதிரைக்காக. அங்கவடியில் கால் மாட்டிக்கொண்டு, மிரண்ட குதிரை தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினால் அதைச் சுட்டுத்தான் தப்ப வேண்டும். பாறையில் அது காலை ஒடித்துக்கொண்டால், வைத்தியன் இல்லாத இடத்தில், அதற்கும் அதுதான் மருந்து. இதைக் காபிக்கடையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நோரீன் சொல்வாள். அவளுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது.

முகாமில் சமைக்க என்று ஒரு பருவத்துக்கு வந்தவள், வெர்லினைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். குழந்தை இல்லை. ஹேசல் என்று ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை. தாய் செத்துப்போன குட்டியைப் புட்டிப்பால் கொடுத்துத் தூக்கி வளர்த்தாள். அந்தக் குதிரை வெர்லினை ஏதோ பழக்கமில்லாத விருந்தாளியைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கும். நோரீன் குரல் கேட்டால் மட்டும் காதை முன்னால் திருப்பும்.

அந்த அக்டோபரில் கடைசி முகாமைக் கலைத்துக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். வேட்டைக்காரர்கள் தங்கள் ரைஃபிள்களோடு முன்பே போயாயிற்று. புறப்படுகிற காலையில் ஓடைப்பக்கம் காட்டுக்கோழி கத்தியது. வெர்லினுக்குக் கை சும்மா இருக்குமா? முப்பத்தெட்டைப் போட்டுக்கொண்டு போனான். ஐந்து வேட்டுச் சத்தம். இரண்டு கோழியோடு வந்தான்.

“மிச்ச மூணு வேட்டு யாருக்கு? மரத்துக்கா?” என்றாள் நோரீன்.

“பயமுறுத்தினேன். பயந்தா கறி ருசியா இருக்கும்.”

“பயந்தது மரம்தான்னு சொல்லு.”

தடத்தில் கால் வைக்குமுன் முப்பத்தெட்டைக் கொட்டிவிட்டு மேக்னம் போட்டுக்கொள்வது அவன் பழைய வழக்கம்; இந்தப் பருவத்தில் அது விட்டுப்போயிருந்தது. அன்றைக்கோ கையெல்லாம் கோழி ரத்தம். கோவேறுகள் வேறு மூட்டையோடு நிற்கப் பொறுக்காமல் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோட்டா போடுகிற ஆறு குழி உருளையை அப்படியே மூடி உறையில் செருகினான். ஐந்து வெறுங்கூடு, ஒரு முப்பத்தெட்டு.

உச்சி வெயில் நேரத்தில் கல்சரிவு வந்தது. சரிவின் குறுக்கே ஆளகலத்துக்குத் தடம். கீழே பொடிக்கல், அதற்கும் கீழே செங்குத்தாக ஆறு. நோரீன் ஹேசல்மேல் முன்னால் போனாள். வெர்லின் தன் குதிரைமேல் கோவேறுகளை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தான். நூறு தடவை போய்வந்த வழி. ஹேசலின் பின்னங்கால்களுக்கு அடியில் தடத்தின் ஓரம் அப்படியே உட்கார்ந்தது. கத்தக்கூட நேரமில்லை. குதிரை பின்பக்கமாகச் சரிந்து, ஒரு புரள் புரண்டு, சரிவில் கிடந்த காய்ந்த பைன் மரத்தில் மோதி நின்றது. நோரீன் அதற்கு அடியில் இருந்தாள்.

வெர்லின் குதித்து இறங்கினான்.

“ஓடி வராத. கல்லு சரியுது. மெதுவா வா” என்ற குரல் கீழேயிருந்து வந்தது. உயிர் இருக்கிறது.

தவழ்ந்து இறங்கினான். இடுப்புக்குக் கீழே அவள் ஹேசலின் விலாவுக்கு அடியில். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. குதிரையின் முன்னங்கால் ஒன்று முட்டிக்குக் கீழே தப்பான பக்கம் மடங்கிக் கிடந்தது. அது எழுந்திருக்க எம்பியது. எம்பிய எம்பில் பைன் மரம் ஒரு சாண் கீழே நகர்ந்தது. பொடிக்கல் சலசலவென்று ஓடி ஆற்றுப் பக்கம் விழுந்தது.

“கால் இருக்கா?”

“இருக்கும். எங்க இருக்குன்னு தெரியல.” நோரீன் மூச்சை விட்டு விட்டுப் பேசினாள். “ஹேசலுக்குக் கால் போச்சு, வெர்லின். நான் பாத்துட்டேன். இன்னும் நாலு தடவை உதறினாள்னா மூணு பேரும் ஆத்துல. சுடு.”

அவன் ரிவால்வரை உருவினான். உள்ளே இருப்பது கோழித் தோட்டா, குதிரைக்கு மேக்னம் வேண்டும் என்று கை பழக்கத்தில் ஓடியது. உருளையைத் திறந்து தள்ளுகம்பியை அமுக்கி எல்லாவற்றையும் கொட்டினான். இடுப்பு வாரிலிருந்து மேக்னத்தை எடுத்துக் குழியில் போட்டான். போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினான். நகம் அகலத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அடுத்த குழி. அதிலும் நின்றது. அடுத்தது. உருளை மூட மாட்டேன் என்றது.

அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. முப்பத்தெட்டு நீளம் குறைந்தது. குழியின் முன்பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். ஒவ்வொரு தடவை சுடும்போதும் அந்த இடத்தில் கரியும் ஈயமும் வளையம்போல ஒட்டும். கோடையெல்லாம் கோழி, இலையுதிர்காலமெல்லாம் கோழி. குழலைத் துடைத்தான், எண்ணெய் போட்டான், கைப்பிடியைக் கண்ணாடி மாதிரி தேய்த்தான். பிரஷ்ஷை எடுத்து ஆறு குழிகளையும் ஒரு தேய்ப்புத் தேய்க்கவில்லை. பார்க்கிறவன் கண்ணுக்குக் குழியா தெரியப்போகிறது? பருவம் முழுக்க மேக்னத்தைப் போட்டுப் போட்டு எடுத்திருந்தால் இறுகும்போதே தெரிந்திருக்கும். அவன் அதையும் சோம்பலில் விட்டிருந்தான். எல்லாத்துக்கும் ஆகும் என்று எத்தனை பேர் வாயை அடைத்த துப்பாக்கி. அது இப்போது ஒன்றுக்கும் ஆகாமல் கையில் கிடந்தது.

“என்ன பண்ற?” என்றாள் நோரீன்.

“இரு. இரு.”

கொட்டியதில் ஒன்று சுடாத முப்பத்தெட்டு. அது ஒன்றுதான் இந்தக் குழிக்குள் போகும். வெர்லின் மண்டியிட்டுக் கல்லுக்குள் துழாவினான். வெறுங்கூடு கிடைத்தது. எறிந்தான். இன்னொரு வெறுங்கூடு. ஹேசல் மறுபடி எம்பியது. நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள், அந்த மாதிரிச் சத்தம் அவளிடமிருந்து அவன் கேட்டதே இல்லை. மரம் நகர்ந்தது. அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக் கல்லும் கூடும் ஒன்றாகத் தெரிந்தன. கடவுளே, கடவுளே என்று வாய் தானாக முனகியது. சர்ச் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன். விரல் நகங்கள் பிய்ந்தன. இரண்டு கற்களுக்கு நடுவே, கனமாக ஒன்று விரலில் தட்டியது.

போட்டான். உள்ளே போயிற்று. உருளை மூடியது.

ஒரே ஒரு கோழித் தோட்டா. நெற்றியில் சரியான இடத்தில், துளி விலகாமல் வைத்தால்தான் அது குதிரையின் மண்டைக்குள் போகும். விலகினால் வலி மட்டும் கூடும், வெறி கூடும், எல்லாம் ஆற்றில். ஹேசல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கொண்டிருந்தது. நெற்றி நிற்கவே இல்லை.

“ஒண்ணுதான் இருக்கு. சின்னது. அவ தலை நிக்கணும்” என்றான் வெர்லின்.

நோரீன் அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஏன் ஒன்று, ஏன் சின்னது என்று கேட்கவில்லை. கையை நீட்டித் தலைக்கயிற்றைப் பிடித்தாள். தன் தொப்பியைக் கழற்றிக் குதிரையின் கண்மேல் கவிழ்த்தாள்.

“என்னடி கண்ணு. ஒண்ணுமில்லடி. அம்மா இங்கதான் இருக்கேன். அப்படியே இருடி செல்லம். அசையாத. எல்லாம் சரியாயிடும்.”

ஹேசலின் காது அவள் பக்கம் திரும்பியது. விலா மேலும் கீழும் இறைத்தது. தலை நின்றது. உடைந்த காலோடு, வெள்ளை வெளேரென்று எலும்பு தெரிய, அந்தக் குதிரை அவள் குரலை நம்பி மூச்சடக்கிக்கொண்டு கிடந்தது.

“அப்படியே இருடி” என்றாள் நோரீன். வெர்லின் குழலை நெற்றியில் வைத்து அழுத்திச் சுட்டான்.

உடம்பு ஒரு தடவை விறைத்துத் தளர்ந்தது. நோரீன் தொப்பியை எடுக்கவில்லை.

அதன்பிறகு மண்வெட்டியும் கையுமாக அவள் காலுக்கு அடியில் கல்லைத் தோண்டினான். மரத்தைக் கயிற்றால் மேலே ஒரு பாறையோடு கட்டினான். அவளைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து, தடத்தில் அகலமான ஓர் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது வெயில் எதிர்மலைக்குப் போயிருந்தது. தொடை எலும்பு முறிந்து கால் வீங்கிப் போயிருந்தது. குச்சி வைத்துக் கட்டினான். தன் குதிரையில் ஏற்றப் பார்த்தான். இடுப்பு உயர்வதற்குள் அவளுக்கு நினைவு தப்பியது. இரண்டாம் முறை முயலத் தைரியம் வரவில்லை. உதவி கேட்டுப் பேச வானொலிப் பெட்டி இருக்கிற வனக்காவல் குடிலுக்கு அரைநாள் சவாரி. விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

தீ மூட்டினான். கைக்கெட்டும் தூரத்தில் விறகு குவித்தான். மூட்டைகளை இறக்கிக் கோவேறுகளை அவிழ்த்துவிட்டு, இருந்த கம்பளி எல்லாவற்றையும் போர்த்தினான். கோழி இரண்டையும் ஆற்றில் எறிந்தான். ஆனால் கீழே, கல் எறிகிற தூரத்தில், ஒரு முழுக் குதிரை ரத்தத்தோடு கிடக்கிறது. அதை எங்கே எறிவது? அந்தச் சரிவுகளில் அக்டோபரில் கரடிகள் குளிர்கால உறக்கத்துக்குமுன் வயிற்றை நிரப்ப அலைகிற காலம். அவை ஒரு மைல் தாண்டி மோப்பம் பிடிக்கும். இரண்டு பேருக்குமே தெரியும்.

நோரீன் கையை நீட்டினாள். அடிபட்டவரிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அங்கே முறை. கேட்கக்கூட வேண்டியதில்லை.

வெர்லின் உறையைக் கையால் பொத்திக்கொண்டான்.

“குடு. இருட்டறதுக்குள்ள நீ ஓடையைத் தாண்டணும்.”

“நோரீன், அது போகாது.”

“எது?”

“மேக்னம். குழிக்குள்ள போகாது. கோழி சுட்டுச் சுட்டுக் கரி ஏறிக் கெடக்கு. நான் தேய்க்கல. இருந்த ஒரு சின்னதும்...” அதற்குமேல் சொல்ல முடியாமல் தடத்தில் உட்கார்ந்துவிட்டான். “திட்டு. என்னைத் திட்டித் தொலை.”

அவள் திட்டவில்லை. அதற்கு அவள் நாலு அறை அறைந்திருக்கலாம், அவன் வாங்கிக்கொண்டிருப்பான்.

“பிரஷ் எங்க?” என்றாள்.

“வீட்ல.”

“கத்தியைக் குடு. எண்ணெய் சீசா இருந்தா அதையும் குடு. நான் சுரண்டறேன். எனக்கு வேற என்ன வேலை?”

மடக்குக் கத்தி, எண்ணெய், கைநிறைய மேக்னம் தோட்டா எல்லாவற்றையும் அவள் மடியில் வைத்தான். அவள் உருளையைத் திறந்து, ஒரு குழியில் கத்தி முனையை விட்டுச் சுரண்ட ஆரம்பித்தாள்.

“நான் வந்துடுவேன்” என்றான்.

“போ.”

தடத்தின் திருப்பம் வரைக்கும் கத்தி சுரண்டுகிற கிறீச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஆற்றுச் சத்தம் அதை விழுங்கிவிட்டது. குதிரையை வெர்லின் அடித்ததே இல்லை, அன்றைக்கு அடித்தான். வழியெல்லாம் அழுதான். வெட்கமில்லாமல், வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். பின்னால் வேட்டுச் சத்தம் கேட்டுவிடுமோ என்று பயந்தான். கேட்காதபோது அதைவிடப் பயந்தான். சுட வேண்டி வருவதற்குள் குழி சுத்தமாகியிருக்குமா? ஆகியிருந்தாலும் முறிந்த காலோடு உட்கார்ந்தபடி ஒரு பெருங்கரடியை எத்தனை தோட்டாவால் நிறுத்துவது? க்ளீட்டிடம் ஆயிரம் தடவை வாதாடியிருக்கிறான். பதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

குடிலில் வானொலி வேலை செய்தது. மேகம் தரையில் உட்கார்ந்துவிட்டது; பனி கொட்டுகிறது; ஹெலிகாப்டர் விடியாமல் கிளம்பாது என்று மறுமுனையில் சொன்னார்கள். திரும்பி நடந்தே போகிறேன் என்று கதவைப் பிடித்தவனை வனக்காவலர் மடக்கி உட்காரவைத்தார். “இந்தாய்யா, வழியில நீ செத்தா அவளை நாங்க எந்த இடம்னு தேடறது?” என்றார். அது நியாயம். நியாயமாக இருந்ததால் அவனுக்கு அந்த மனிதரைக் கழுத்தை நெரிக்கலாம்போல இருந்தது.

காலையில் மேகம் கலைந்தது. ஹெலிகாப்டர் பள்ளத்தாக்குக்குள் திரும்பியதும் வெர்லின் கண்ணாடியில் முகத்தைப் பதித்துக்கொண்டான். சரிவெல்லாம் வெள்ளை. ஹேசல் கிடந்த இடத்தில் மட்டும் வெள்ளை இல்லை. அங்கிருந்து ஒரு பழுப்பு உருவம் இயந்திரச் சத்தத்துக்கு எழுந்து, அவசரமில்லாமல் மரங்களுக்குள் போயிற்று. மேலே தடத்தில் தீ அணைந்திருந்தது. கம்பளிக் குவியல்மேல் பனி படர்ந்திருந்தது. அது அசையவில்லை.

“கீழ இறக்கு” என்றான் வெர்லின். விமானி இடம் தேடுவதற்குள் கதவைத் திறந்துவிட்டான்.

பனியில் கால்தடங்கள் இருந்தன. கீழே குதிரையிடமிருந்து மேலே தடத்துக்கு ஒரு வரிசை. அகலமான பாதங்கள், முன்னால் நீள நகம். கம்பளிக்கு நாலு அடி தூரத்தில் அவை நின்றிருந்தன. நின்ற இடத்தில் பனி மிதிபட்டுக் குழம்பியிருந்தது. அங்கிருந்து ஒரு வரிசை திரும்பக் கீழே போயிருந்தது. வெர்லின் கால்தடங்களைத் தாண்டிக் கம்பளியிடம் போனான்.

நோரீன் பாறையில் சாய்ந்து கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் பனி. இரண்டு கையாலும் ரிவால்வரைப் பிடித்து மடியில் வைத்திருந்தாள். விரல்களெல்லாம் கத்தி பட்டுக் கிழிந்து, எண்ணெயும் ரத்தமும் கறுத்துப் போயிருந்தன. கண் அவன் பக்கம் திரும்பியது.

அவன் பக்கத்தில் விழுந்து அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டான். என்னென்னவோ உளறினான். அவள் தடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. அவன் ஓய்ந்ததும் ரிவால்வரை அவனிடம் நீட்டினாள். உருளைக்குள் ஒரே ஒரு மேக்னம் முழுசாக உட்கார்ந்திருந்தது. மற்ற குழிகள் காலி.

“ஒரு குழிதான் சுத்தமாச்சு” என்றாள்.

“சுடலையா?”

“ஒண்ணை வெச்சுட்டு என்ன பண்றது? பேசாம இருந்தேன். ஏறி வந்து என்னைப் பாத்துட்டு நின்னுச்சு. அப்புறம் இறங்கிப் போயிடுச்சு.” அவள் கீழே பார்க்கவில்லை. “அதுக்கு ஹேசல் போதுமா இருந்தா.”